மருதங்குளப்பற்றின் பன்னிரண்டாவது வன்னியனார்

தை மாதக் குளிரில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனையில் இராஜரட்ணம் இறந்தார். கார் தரிப்பிடமொன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். அவரோடு மருதங்குளப்பற்றின் பதினோராவது வன்னியனாரும் இறந்தார். முதலாவது ஆளுக்காக அழ மனைவி யோகமலரும் மகள் துர்க்காவும் இருந்தார்கள். இரண்டாவது ஆளைப் பற்றிக் கவலைப்பட ஊர்ச் சங்கம் இருந்தது.

மருதங்குளப்பற்று இலங்கையின் வன்னியில் காடும் குளமுமான சின்ன நிலம். ஒரு காலத்தில் அதை ஆண்ட சிற்றரசர்கள் வன்னியனார் என்று அழைக்கப்பட்டார்கள். வெள்ளைக்காரன் வந்து ஆட்சியை எடுத்துக்கொண்டான். வரியும் படையும் போயின. ஆனால் அம்மன் கோயிலில் வன்னியனாருக்கு இருந்த முதல் மரியாதையை எடுக்க ஒருவரும் மினக்கெடவில்லை. ஆவணித் திருவிழாவில் சிவப்புத் தலைப்பாகை கட்டி, பின்னால் ஒருவர் வெள்ளிப் பிரம்பு பிடித்து நிற்க, மண்டபத்தில் ஒரு பலகையில் இருக்கும் உரிமை அது. சிம்மாசனம் என்று அந்த ஊரார் சொல்வது அந்தப் பலகையைத்தான்.

ரொறன்ரோவில் பலகை இல்லை. ஒவ்வொரு கோடையிலும் ஊர்ச் சங்கம் அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபம் எடுக்கும். கல்யாண அலங்காரக்காரரிடமிருந்து பொன்நிறக் கதிரை ஒன்று வாடகைக்கு வரும். அதில் இராஜரட்ணம் தலைப்பாகையோடு ஒரு மணித்தியாலம் இருப்பார். எல்லாரும் வந்து கும்பிட்டுப் போவார்கள். பிறகு தலைப்பாகையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மற்ற ஆண்களோடு சேர்ந்து மடிப்புக் கதிரைகளைத் தூக்கி வான் வண்டியில் ஏற்றுவார். துர்க்காவுக்குச் சின்ன வயதில் இதில் எது உண்மையான அப்பா என்ற கேள்வி இருந்தது. வளர்ந்ததும் அந்தக் கேள்வியே மறந்துபோயிற்று. அவள் மார்க்கம் நகரில் பல் வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்தாள். அடுத்தவர் வாய்க்குள் கைவிட்டு வேலை செய்பவளிடம் அரச வம்சம் பற்றி எவரும் கேட்பதில்லை.

இராஜரட்ணத்துக்கு அவள் ஒரே பிள்ளை. கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லையே என்று சிலர் முணுமுணுத்தபோது, மகள் வைக்கலாம் என்று ஐயர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். பலகை விஷயம் அப்படி இல்லை. அதற்குப் பெண் ஆகாது. மகன் இல்லாவிட்டால் தம்பிக்கு, தம்பிக்குப் பிறகு தம்பி மகனுக்கு. அதுதான் முறை. ஆகவே அடுத்த வன்னியனார் சித்தப்பா ஸ்ரீதரன்தான் என்பதில் செத்தவீட்டுக்கு வந்த ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அன்று செத்தவீட்டு மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு கறுத்த, உயரமான மனிதன் இருந்தான். வயது நாற்பதுக்குக் கிட்ட. சுருட்டை முடி, புதுக் கோட்டு. அப்பாவோடு வேலை செய்தவராக்கும் என்று துர்க்கா நினைத்தாள். பூப் போடும்போது அவன் வரிசையில் கடைசியாக வந்து, சவப்பெட்டியின் விளிம்பில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான். அவனுடைய பெருவிரல் நகம் அகலமாக, மண்வெட்டி போல இருந்தது. அப்பாவின் நகமும் அப்படித்தான். துர்க்காவின் நகமும் அப்படித்தான். அவள் நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த கிழமை ஸ்ரீதரன் வீட்டுக்கு வந்தார். அஞ்சல் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் அதனதன் பெட்டிக்குள் போட்டே பழகியவர். யோகமலர் உள்ளே படுத்திருந்தாள். துர்க்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"அந்த ஆள் ஆர் சித்தப்பா?"

"மாக்கஸ். உன்ர அண்ணன்."

அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. துர்க்கா கேத்திலை மேசையில் வைத்தாள்.

"நானும் உன்ர அப்பாவும் வந்த புதுசில பார்க்டேலில ஒரு அப்பார்ட்மென்ற்றில இருந்தனாங்கள். ஆறேழு பெடியள். மேல்மாடியில வேரோனிக்கா எண்டு ஒரு பிள்ளை. ட்ரினிடாட்காரி. நல்ல மனுசி, இப்பவும் அங்கதான் இருக்கிறா. அண்ணையும் அவவும் ஒரு வருசத்துக்கு மேல ஒண்டா இருந்தவை. கலியாணம் எழுதேல்ல. அதுக்குள்ள ஊரில உன்ர அம்மாவைப் பேசி முடிச்சிட்டினம்."

"அவருக்கு ஆர் சொன்னது, அப்பா செத்தது?"

"நான்தான். மூத்த பிள்ளைக்குச் சொல்லாம எரிக்கலாமோ?"

துர்க்காவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. செத்தவர் மேல் கோபப்படுவது எளிதாக இல்லாததால், எதிரில் இருந்தவரைப் பார்த்து, "இதை இப்ப ஏன் எனக்குச் சொல்லுறியள்?" என்றாள்.

"பட்டம் கட்டுறது நீயெண்டபடியால்."

அது அவளுக்குத் தெரியாத சங்கதி. தலைப்பாகையைப் புது வன்னியனாருக்குக் கட்டிவிட வேண்டியது செத்தவரின் மூத்த மகள். கட்டும் முன் அவள் சபையைப் பார்த்து, இவருக்கு முன்னால் உரியவர் வேறு யாரும் உண்டா என்று மூன்று தரம் கேட்க வேண்டும். பெண்ணுக்குப் பலகை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய் பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

"வழக்கத்துக்குக் கேக்கிறதுதானே? ஆரும் பதில் சொல்லவே போகினம்?"

"நான் சொல்லவேண்டி வரும், பிள்ளை." ஸ்ரீதரன் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். "எங்கட முறையில தாலி கேக்கிறேல்ல. பழைய வன்னியனாருக்கெல்லாம் எத்தினை பொம்பிளையள் இருந்திச்சினம் எண்டு ஆருக்குத் தெரியும். பிள்ளையைத் தகப்பன் மடியில வைச்சு, தன்ர சொந்தத்தில ஒரு ஆம்பிளைக்கு முன்னால பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் உரித்துள்ள பிள்ளை. அவ்வளவும்தான். மாக்கஸ் பிறந்து முப்பத்தோராம் நாள் அண்ணை அவனை மடியில வைச்சு மொட்டை அடிச்சு, மாக்கஸ் குலசேகரன் எண்டு மூண்டுதரம் சொன்னவர். மற்றப் பெடியள் வேலைக்குப் போயிட்டாங்கள். சொந்தமெண்டு பக்கத்தில நிண்டது நான் ஒருத்தன்தான்."

"அப்ப நீங்கள் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது."

"ஓம்."

"உங்களுக்கு அது வேணுமோ, சித்தப்பா? உண்மையாச் சொல்லுங்கோ."

அவர் யன்னலுக்கு வெளியே பனி தள்ளும் வண்டியைப் பார்த்தார். "வேணாமெண்டு சொன்னாப் பொய். சின்னனில இருந்து அண்ணைக்குப் பின்னால பிரம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எந்தப் பாட்டு எப்ப வரும், எந்தக் கால் முதல் வைக்கிறது, எல்லாம் எனக்குத்தான் தெரியும். அவர் அடிக்கடி மறந்துபோவார்." பிறகு கோப்பையை வைத்தார். "நீ கேக்காமல் கட்டினால் நான் வாய் திறக்கமாட்டன். கேட்டால் பொய் சொல்லமாட்டன். யோசிச்சுச் செய்."

துர்க்கா பல நாள் யோசித்தாள். அரசாட்சி அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. தலைப்பாகையை யார் கட்டினாலும் மார்க்கத்தில் பஸ் ஓடும், பல் வலிக்கும். அம்மாதான் விஷயம். சபையில் அந்தக் கேள்வியைக் கேட்டால், கல்யாணத்துக்கு முன்பே அப்பாவுக்கு ஒரு மகன் இருந்தான் என்பது ஊர் முழுக்கத் தெரியவரும். சங்கத்து அன்ரிமார் அனுதாபத்தோடு வீட்டுக்கு வருவார்கள். அம்மாவுக்கு அந்த அனுதாபம் பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது யோகமலரே தொடங்கினாள்.

"ஸ்ரீதரன் சொல்லிப்போட்டார் போல."

"உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"எனக்குச் சொல்லித்தான் கூப்பிட்டவர். இப்பிடி ஒரு பிள்ளை இருக்குது, விருப்பமெண்டால் வா எண்டு. நான் வந்தன். நான் வந்தபிறகு அவர் அங்க போறதை விட்டிட்டார். நான் போங்கோ எண்டும் சொல்லேல்ல, போகவேண்டாம் எண்டும் சொல்லேல்ல." அவள் ஒரு சட்டையின் கையை நீவி மடித்தாள். அது அப்பாவின் சட்டை. "சபையில கேக்கப் போறியோ?"

"தெரியேல்ல. கேட்டால் உங்களுக்குத்தான்..."

"எனக்கு என்ன? எனக்குத் தெரிஞ்சதுதானே அவைக்கும் தெரியப்போகுது. கேக்கிறதெண்டால் கேள். நான் அண்டைக்கு வரேல்ல. அவையின்ர முகங்களைப் பாக்கேலாது."

இனி மீதமிருந்தது மாக்கஸ். சித்தப்பாவிடம் நம்பர் வாங்கித் துர்க்கா அவனை அழைத்தாள். பார்க்டேலில், அவன் தாய் இருக்கும் கட்டடத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தார்கள். இருவரும் பேசியது ஆங்கிலத்தில்தான். அவன் லிஃப்ட் திருத்துபவன். மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். முதல் பத்து நிமிடம் லிஃப்ட் பற்றியும் பல் பற்றியும் போயிற்று. பிறகு துர்க்கா பலகை, தலைப்பாகை, மூன்று கேள்வி எல்லாவற்றையும் சொன்னாள். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். தனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் வசதி என்றும் ஒரு பக்கம் நினைத்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "அதில் இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான்.

"ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தரம் இங்கே. முடிந்தால் ஒரு தரம் அங்கே, கோயிலில்."

"உனக்கு என்ன கிடைக்கும்?"

"எனக்கு ஒன்றும் இல்லை. நான் பெண்."

"அது மோசம்," என்றான். பிறகு கோப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "நான்கு வயது வரைக்கும் சனிக்கிழமைகளில் வந்தார். பிறகு வரவில்லை. என் அம்மா அவரைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொன்னது கிடையாது. அதுதான் எனக்குக் கூடுதலாகக் கோபம் தரும். அவர் தருவதையெல்லாம் அவரே நிறுத்திவிட்டார். இது அவரால் நிறுத்த முடியாத ஒன்று என்று சொல்கிறாய். அப்படியென்றால் எனக்கு இது வேண்டும்."

அவன் அதை ஒரு லிஃப்ட்டின் எடைக் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னான். துர்க்காவுக்கு அவனை அப்போதுதான் பிடித்தது.

வைகாசியில், பனி முழுக்கக் கரைந்தபின், அஜின்கோர்ட் மண்டபத்தில் பட்டம் கட்டும் நாள் வைத்தார்கள். திருவிழா வரும்போது பலகை வெறுமையாக இருக்கக்கூடாது. இருநூறு பேர் வந்திருந்தார்கள். பொன்நிறக் கதிரை மேடையில் இருந்தது. சங்கத் தலைவர் வின்சன்ற் அங்கிள், பருத்த, எதற்கும் அவசரப்படும் மனிதர், ஒலிவாங்கியைப் பிடித்து ஸ்ரீதரனை மேடைக்கு அழைத்தார். ஸ்ரீதரன் பட்டு வேட்டி கட்டி, வலது காலை முதலில் வைத்து ஏறினார். கதிரையில் இருக்கவில்லை, பக்கத்தில் நின்றார். மாக்கஸ் வாசலுக்குக் கிட்ட, குடிநீர்ப் போத்தல்கள் அடுக்கிய மேசையோடு நின்றான்.

துர்க்கா தலைப்பாகைத் தட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். சபையைப் பார்த்து நின்றாள்.

"இவருக்கு முன்னால உரியவர் ஆரும் உண்டோ?"

சபையில் யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள்.

"இவருக்கு முன்னால உரியவர் ஆரும் உண்டோ?"

வின்சன்ற் அங்கிள் கைதட்டத் தயாராகிவிட்டார்.

மூன்றாவது தரம் அவள் சபையைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டாள். "இவருக்கு முன்னால உரியவர் ஆரும் உண்டோ?"

"உண்டு," என்றார் ஸ்ரீதரன். "அண்ணையின்ர மூத்த மகன். மாக்கஸ் குலசேகரன். மடியில வைச்சுப் பேர் சொன்னதுக்கு நான் சாட்சி. அங்க வாசலில நிக்கிறார்."

இருநூறு தலைகள் ஒன்றாகத் திரும்பின. அதன்பிறகு எழுந்த சத்தத்தில் ஒலிவாங்கி கூவியது. தாலி கட்டாத பிள்ளை என்றார் ஒருவர். தமிழ் தெரியுமா என்றார் ஒருவர். நிறத்தைப் பற்றி ஒரு கிழவர் சொன்ன சொல்லுக்கு அவருடைய பேத்தியே எழும்பி அவரோடு சண்டை பிடித்தாள். வின்சன்ற் அங்கிள் ஸ்ரீதரனின் கையைப் பிடித்து, "அண்ணை, உது வீட்டுக் கதை. உதை வீட்டில வைச்சிருக்கலாமே? நீங்கள் இருங்கோ, பிறகு பாப்பம்," என்றார்.

"நான் இருந்தால் அது களவு," என்றார் ஸ்ரீதரன்.

"வாக்கெடுப்பு வைப்பம். சபை சொல்லட்டும்."

"வாக்கெடுப்பு உங்கட சங்கத் தலைவருக்கு. வன்னியனாருக்கு இல்லை."

கால்வாசிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். போகாதவர்களில் பாதிப்பேர் சாப்பாட்டுக்காக இருந்தார்கள் என்று பிற்பாடு ஸ்ரீதரனே சொன்னார். மாக்கஸ் இருக்கைகளுக்கு நடுவே நடந்து வந்தான். என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்காமலும் இல்லை. மேடைப்படியில் இடது காலை வைக்கப்போனான். ஸ்ரீதரன் குனிந்து அவனுடைய வலது முழங்காலில் மெல்லத் தட்டினார். அவன் காலை மாற்றி வைத்து ஏறினான்.

அவன் கதிரையில் இருந்தும் துர்க்காவின் உயரத்துக்கு இருந்தான். தலைப்பாகை அப்பாவின் தலைக்கு மடித்துத் தைத்தது. அவள் இரண்டு தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, துணியை இளக்கி, சுருட்டை முடிக்கு மேல் சுற்றினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஸ்ரீதரன் வெள்ளிப் பிரம்பை எடுத்துக்கொண்டு கதிரைக்குப் பின்னால், தான் எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது யோகமலர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். துர்க்கா நடந்ததைச் சொன்னாள். யோகமலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தலைப்பாகை அவருக்கு அளவாக் காணுமோ?" என்றாள். இளக்கவேண்டி வந்தது என்று துர்க்கா சொன்னாள். "உயரம் அப்பிடி," என்றாள் யோகமலர். அடுத்த கிழமை அனுதாபத்தோடு வந்த இரண்டு அன்ரிமாரை வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாள்.

இது இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாக்கஸுக்கு முறை பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கத்தில் ஸ்ரீதரன் வீட்டுக்குப் போய்க் கேட்கத் தொடங்கினான். ஸ்ரீதரனுக்கும் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம். அவருடைய மகன் மிதுனன் இதையெல்லாம் ஒருநாளும் கேட்டதில்லை. கணினி வேலை செய்யும் அவன், மேல்மாடியிலிருந்து சாப்பாட்டுக்கு மட்டும் இறங்குவான்.

ஆனி மாதத்தில் ஒருநாள் துர்க்காவும் அங்கே இருந்தாள். மாக்கஸ் கேட்டான்: "எனக்கு மகன் இல்லை. இரண்டு மகள்கள். எனக்குப் பிறகு யார்?"

"நான்," என்றார் ஸ்ரீதரன் தன் அளவான ஆங்கிலத்தில். "நான் இல்லாவிட்டால் மிதுனன்."

"இந்த நாட்டு அரச முடிக்கே அந்த முறையை மாற்றிவிட்டார்கள். மூத்தது பெண்ணென்றாலும் அவளுக்குத்தான். நாமும் மாற்றலாமா?"

மாற்றலாம் என்றார் ஸ்ரீதரன். அவர் மறைக்கவில்லை. இருக்கும் வன்னியனாரும், அடுத்த உரித்துள்ள ஆணும் ஒருமனதாகச் சம்மதித்தால் முறை மாறும். மாக்கஸ் உடனே தன் சம்மதத்தைச் சொன்னான். இருவரும் ஸ்ரீதரனைப் பார்த்தார்கள்.

"மாட்டன்," என்றார் தமிழில்.

துர்க்கா அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

"ஏன் சித்தப்பா?" என்று கேட்டாள். தன் குரல் உயர்வதை அவள் உணர்ந்தாள். அண்ணனுக்காகச் சபையில் நின்று கேட்டவள், தனக்கென்று இதுவரை ஒன்றும் கேட்டதில்லை என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. அவள் மூத்தவளாக இருந்திருந்தாலும் அந்தக் கதிரையைச் சுற்றித்தான் நின்றிருப்பாள். "நான் கொள்ளி வைச்சனான். நான்தான் கேள்வி கேட்டனான். அந்தப் பலகையில இருக்கிறதுக்கு என்ன பெரிய பலம் வேணும்?"

"பலம் இல்லை, பிள்ளை. பெண் இருந்தால் பிழையெண்டும் நான் சொல்லேல்ல." ஸ்ரீதரன் வார்த்தைகளைத் தேடினார். "நான் இருக்கவேண்டிய இடம் அது. முறை உப்பிடியெண்டுதான் விலகி நிண்டனான். நாளைக்கு நினைச்சமாதிரி மாத்தலாமெண்டால், அண்டைக்கும் மாத்தியிருக்கலாம். தாலி இல்லாட்டி உரித்து இல்லையெண்டு நானும் அண்ணையும் எப்பவோ ஒருநாள் கதைச்சு மாத்தியிருக்கலாம். அப்ப நான் என்னத்துக்கு விட்டுக்குடுத்தன்?"

அந்த நேரம் பார்த்து மிதுனன் படியில் இறங்கி வந்தான். கையில் வெறும் கோப்பை.

"அப்பா மாத்தாட்டி பரவாயில்லை," என்றான் கோப்பையைக் கழுவியபடி. "அடுத்தது நான்தானே? எனக்கு ஓகே. எங்க சைன் பண்ணவேணும்?"

"உன்ர முறை வரேக்க செய்," என்றார் ஸ்ரீதரன். அவர் கோபப்படவில்லை. தான் இருக்கும் மட்டும் முறை நிற்கும், தனக்குப் பிறகு அது முறைப்படியே மாறும் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்ததாகத் துர்க்காவுக்குப் பட்டது. அவருக்கு அறுபத்து மூன்று வயது. நல்ல ஆரோக்கியம். காலையில் நீந்தப் போகிறவர்.

மாக்கஸ் மொழிபெயர்ப்புக் கேட்டான். துர்க்கா சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "நேர்மையான மனிதர். கூட இருப்பது கஷ்டம்," என்றான். துர்க்காவுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் முழுக்கப் போகவில்லை; ஆனால் யாரோடு கோபம் என்பது தெளிவாக இருந்தது. அது ஒருவகையில் லேசாக இருந்தது.

ஆவணியில் மாக்கஸும் ஸ்ரீதரனும் ஊருக்குப் போனார்கள். துர்க்கா தனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாள். உண்மையில் கேட்கவில்லை. திருவிழா அன்று மதிய உணவு வேளையில் அவளுடைய போனுக்கு ஒரு படம் வந்தது. மாக்கஸ் வெற்றுமேலோடு, வியர்த்து வழிய, பலகையில் சம்மணமிட்டு இருந்தான். அவனுக்குச் சம்மணமிட்டுப் பழக்கமில்லை. ஒரு முழங்கால் மேலே தூக்கி நின்றது. பின்னால் ஸ்ரீதரன் பிரம்போடு நின்றார். சுற்றி ஊர்ச் சனம், அவனை வடிவாகப் பார்ப்பதற்காக ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றது. ஒருவர் முகத்திலும் வெறுப்பு இல்லை. வெறும் புதினம் பார்க்கும் ஆவல்தான் இருந்தது.

துர்க்கா படத்தை அம்மாவுக்கு அனுப்பினாள். பிறகு யோசித்து, மாக்கஸின் மூத்த மகளுக்கும் அனுப்பினாள். அவளுக்குப் பதினொரு வயது. ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: அந்தப் பலகையில் தான் இருக்கமுடியாது என்று அப்பா சொல்கிறார், உண்மைதானா என்று கேட்டிருந்தாள்.

"இப்போதைக்கு உண்மை," என்று எழுதிவிட்டு, துர்க்கா கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.